ஆற்றுக்கு அந்தப் பக்கம்: ஒரு தோட்டக் குடும்பத்தின் மூதாதையைத் தேடி

இக்கட்டுரையைத் தொடர்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து உங்கள் தந்தையார் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே பாட்டனார் பெயர். அதற்கும் மேலே பூட்டனார் பெயர். இதே சோதனையை விடுதித் தோழியரிடம் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலோர் பாட்டனாரோடு நின்றுவிட்டனர். பாட்டியின் தந்தை பெயரைக் கேட்டபோது சிரித்தார்கள். நானும் ஈராண்டுக்கு முன் அப்படிச் சிரித்தவள்தான்.

நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை என்பது இதற்கு ஒரு காரணம். சீன நண்பர் ஒருவர் தம் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டே பல தலைமுறையைச் சொல்லிவிடுவார். நமக்கோ ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதற்குப் பின்னே தந்தை பெயர் வரும். அடுத்த தலைமுறையில் அந்தப் பெயரும் உதிர்ந்துவிடும். ஆனால் இதிலேயே ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் தேடத் தொடங்கியது வரலாற்று ஆர்வத்தால் அன்று. சுங்கை பாக்காப்பில் எங்களோடு வாழும் பாட்டி, என் அப்பாவின் தாயார், 1939இல் பிறந்தவர். இந்த மண்ணை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர். அவர் கையில் இருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. நாட்டில் நடந்த எந்தப் பொதுத் தேர்தலிலும் அவர் வாக்களித்ததில்லை. அவருடைய உடன்பிறந்த தம்பி நீல அட்டை வைத்திருந்தவர். ஒரே லயத்தில், ஒரே தாய்க்குப் பிறந்தவர். தம்பியிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது, அக்காளிடம் இல்லை. “ஜப்பான்காரன் காலத்துல போச்சு” என்பதுதான் பாட்டி எப்போதும் சொல்லும் பதில்.

பாட்டி எங்கே பிறந்தார், அவர் தந்தை எங்கே பிறந்தார், அந்தத் தந்தையின் தந்தை எப்போது இங்கு வந்தார் என்ற மூன்று கேள்விகளும் ஒரு பாரத்தின் மூன்று கட்டங்களாக எங்கள் வீட்டு மேசைக்கு வந்தன.

பெயரை எழுதியவர் யார்?

தேடலில் நான் முதலில் கற்ற பாடம், ஒரு பதிவேட்டைத் திறக்குமுன் அதை யார், எதற்காக எழுதினார் என்று கேட்க வேண்டும் என்பது. ஏழை எளியவரின் பெயரை அன்பினால் எழுதி வைத்தவர்கள் குறைவு. பணமோ நிலமோ கைமாறும் இடத்தில்தான் அவர்கள் பெயர் மைக்குள் வந்தது.

தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் இந்தியர் வரலாற்றை எழுதுவோர் 1635ஆம் ஆண்டில் தொடங்குவதுண்டு. அன்று ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்த வர்ஜீனியாவில், தன் செலவில் ஓர் ஆளைக் கப்பலில் கொண்டுவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கிடைக்கும். ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்கிழார் தாம் கொண்டுவந்த ஆட்களைப் பட்டியலிட்டபோது அதில் ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஒரு பெயர் விழுந்தது. அவன் தாய் வைத்த பெயர் அதுவாக இருந்திருக்காது. ஆனாலும் ஏறத்தாழ 400 ஆண்டுகளாக அந்தப் பெயர் அழியாமல் நிற்கிறது. முதலாளிக்கு 50 ஏக்கர் வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். அமெரிக்காவில் மூதாதையைத் தேடுவோர் நிலப் பத்திரங்களைத் தேடிப் போவதும் இதனால்தான்.

நம்மவர் போன மற்ற நாடுகளைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். கப்பல்வாரியான பட்டியல்களில் அவர்களின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கின்றன. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்ற 60,000க்கும் மேற்பட்டோருக்குத் தனித்தனி அனுமதிச் சீட்டுகள் உண்டு. மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிலையம் காக்கும் குடிவரவு ஆவணங்களில் பலருடைய நிழற்படமே இருக்கிறது. அந்த நாடுகளில் தமிழைப் பெரும்பாலும் இழந்துவிட்ட கொள்ளுப் பேரன்கூடத் தன் மூதாதையின் கிராமத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறான். நாமோ தமிழ்ப்பள்ளி, தமிழ் நாளேடு, தமிழ் வானொலி எல்லாம் வைத்திருக்கிறோம். கிராமத்தின் பெயர்தான் நம்மிடம் இல்லை!

ஏன் இந்த வேறுபாடு? நெட்டாலுக்கும் பிஜிக்கும் ஆள் அனுப்புவது வாரக்கணக்கிலான கடற்பயணம், ஐந்தாண்டு ஒப்பந்தம், தலைக்குத் தலை கணக்கு. மலாயாவோ நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத் தொலைவு. 1867 ஏப்ரல் 1 வரை பினாங்கும் செபராங் பிறையும் இந்திய அரசின் ஆட்சிக்கு உட்பட்டே இருந்தன. ஆகவே நெடுங்காலம் இந்தப் போக்குவரத்து ஒரு பட்டணத்திலிருந்து மற்றொரு பட்டணத்துக்குப் போவது போலவே நடந்தது. பின்னர் 1877இலும் 1884இலும் ஒப்பந்தக் கூலிகளுக்கெனச் சட்டங்கள் வந்தன. 1910இல் ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பிருந்தே வளர்ந்து வந்த கங்காணி முறை எஞ்சியது. கங்காணி அழைத்து வந்த கூலி, சட்டத்தின் கண்ணில் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துப் போகக்கூடிய ‘சுதந்திரத் தொழிலாளி’. அவருக்கென்று தனி ஒப்பந்தத் தாள் எதற்கு? அவர் பட்ட கடன் கங்காணியின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. கங்காணியோடு அந்தப் புத்தகமும் போயிற்று.

இங்கே அரசு எழுதி வைத்தது எண்ணிக்கை. தோட்டவாரியாக ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு ஆண்டறிக்கைகளில் உண்டு. இறந்தவர் பெயர் அதில் இல்லை. மலாயா இந்தியர் குடியேற்றத்தைப் பற்றிப் பேராசிரியர் கெர்னியல் சிங் சந்து 1969இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூல். 1786க்கும் 1957க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், பெரும்பகுதியினர் திரும்பிப் போனார்கள் என்பதை அதில் காணலாம். அந்த 40 லட்சத்தில் ஒருவரைத்தான் நான் தேடினேன்.

ரஜூலாவில் வராதவர்

வீட்டில் அவரைக் ‘கப்பல் தாத்தா’ என்பார்கள். பாட்டியின் தந்தைக்குத் தந்தை. “ரஜூலா கப்பல்ல வந்து கரும்புக் காட்டுல வேலை செஞ்சவரு” என்பது நான் சிறு வயது முதல் கேட்ட கதை. அத்தைமார், சித்தப்பா எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதால் நம்பிவிட்டேன். அதுவே என் முதல் தவறு.

‘ரஜூலா’ 1926இல் கட்டப்பட்ட கப்பல். 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. கரும்போ அதற்கு முன்பே போய்விட்டது. செபராங் பிறையின் தென்பகுதியில் முதலில் தியோச்சூ சீனர்கள் கரும்பு பயிரிட்டார்கள். எங்கள் ஊரான சுங்கை பாக்காப்பையே கீ லாய் ஹுவாட் என்ற கரும்பு முதலாளிதான் உருவாக்கினார். 1840களில் ஐரோப்பியர் புகுந்தனர். 1846இல் பிரிட்டனில் இப்பகுதிச் சர்க்கரைக்கு வரி குறைந்ததும் தோட்டங்கள் பெருகின. கலிடோனியா, பைராம், விக்டோரியா, வால்டோர் என்று இன்றும் நம் வாயில் வழங்கும் பெயர்கள் அக்காலத்தவை. பைராம் என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ராம்ஸ்டன் குடும்பத்தார் மாளிகை இருந்த இடத்தின் பெயர். துரை தன் ஊர்ப் பெயரை நம் மண்ணில் நட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதை நாம் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறியதும் கரும்பை அழித்துப் பால்மரம் நட்டார்கள். 1910களில் இங்கே சர்க்கரை ஆலைகளின் காலம் முடிந்தது.

அப்படியானால் கரும்புக் காட்டில் வெட்டியவர் 1926இல் கட்டிய கப்பலில் வந்திருக்க முடியாது. இரண்டில் ஒன்று பொய்யா என்றால் இல்லை, இரண்டும் உண்மை! ரஜூலாவில் வந்தவர் வேறொருவர். பாட்டியின் கணவர், அதாவது என் தாத்தா, 1930களில் சிறுவனாகத் தாய் மடியில் அமர்ந்து வந்தவர். அவர் கதை சொல்வதில் வல்லவராம். அவர் சொன்ன கப்பல் காலப்போக்கில் வேறொருவர் காலடிக்கு நகர்ந்துவிட்டது. இரு குடும்பத்தின் இரு மனிதர்கள், முப்பது நாற்பது ஆண்டு இடைவெளியில் வந்தவர்கள், ஒரே ‘கப்பல் தாத்தா’வாக ஒட்டிக்கொண்டார்கள்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுக் கதையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பிறகு அதில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு போட்டுப் பாருங்கள். கப்பல், பயிர், துரை பெயர், நாணயம், போர். ஆண்டுகள் மோதும் இடத்தில் வேறொரு மனிதர் ஒளிந்திருப்பார்.

‘கரும்பு’ என்ற அந்த ஒரு சொல் எனக்கு ஒரு வேலியைக் கொடுத்தது. கப்பல் தாத்தா வந்தது 1910க்கு முன். பாட்டியின் தந்தை 1908ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று பாட்டி கணக்குச் சொல்கிறார். அவர் பிறந்தபோது தாய் ஆலைப் புகைபோக்கிக்குப் பக்கத்து லயத்தில் இருந்தாராம். ஆகவே 1890களில் அல்லது அதை ஒட்டி வந்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கூலியா, கங்காணி ஆளா? காலத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடமுண்டு.

ஊரைக் கண்டறிய எனக்கு உதவியது எந்த அலுவலகமும் அன்று. எங்கள் வீட்டுச் சாமி அறை. ஆண்டுக்கொரு முறை பாட்டி படையல் போடும்போது ‘பச்சையம்மா’ என்று அழைப்பார். தோட்டத்துக் கோவில் மாரியம்மன் கோவில். பச்சையம்மன் அங்கே இல்லை. வீட்டுக்கு மட்டும் உரிய தெய்வம். மாரியம்மனை எங்கும் காணலாம், ஆனால் பச்சையம்மனும் மன்னார்சாமியும் வட தமிழ்நாட்டுத் தெய்வங்கள். திருவண்ணாமலைப் பக்கம் வாழைப்பந்தல் பச்சையம்மன் கோவில் பெயர் பெற்றது. குலதெய்வம் ஒரு வட்டாரத்தின் முகவரி. அதோடு ஒரு பித்தளைச் செம்பு. அதன் கழுத்தடியில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்தில் ஒரு பெண் பெயர். கப்பல் தாத்தாவின் மனைவி பெயர் என்கிறார் பாட்டி. அதற்கு முன் இரண்டு தலைப்பெழுத்துகள். இரண்டாவது எழுத்து கணவருடையது என்று கொள்ளலாம். முதலெழுத்து ‘செ’. செங்கம், செஞ்சி, செய்யாறு, செங்கல்பட்டு என்று அந்தப் பக்கம் ‘செ’யில் தொடங்கும் ஊர்கள் நிறைய. எந்த ஊர் என்று அந்தச் செம்பு சொல்லவில்லை. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த என் தலையை வடக்கே திருப்பிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சங்கடத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குலதெய்வத்தைக் கேட்டால் அடுத்த கேள்வி சாதியாக இருக்கும். அப்பா முதலில் இந்தத் தேடலுக்கே இசையவில்லை. “இங்க வந்ததே அதையெல்லாம் விட்டுட்டு வர்றதுக்குத்தான். நீ போய் எடுத்துட்டு வர்றியா?” என்றார். பாட்டியோ, “ஏம்மா, செத்தவங்கள எதுக்குக் கிளறுற?” என்றார். இருவரும் சொல்வதில் நியாயம் உண்டு. மூதாதையைத் தேடுகிறேன் என்று புறப்பட்டுச் சாதிச் சங்கத்தில் போய் நிற்கும் ஆட்களையும் நாம் பார்க்கிறோம். தம் மூதாதை ராஜ வம்சம் என்று கண்டுபிடித்தோர்க்கும் குறைவில்லை. கரும்பு வெட்டியவர் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. பழைய பதிவுகளில் சாதிக் கட்டம் உண்டு. ஊரைக் கண்டறிய அது பயன்படலாம் என்பது உண்மை. நான் அப்பாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: அந்தக் கட்டத்தில் என்ன இருந்தாலும் அது என் குறிப்பேட்டை விட்டு வெளியே வராது. இக்கட்டுரையிலும் வராது.

தாள் ஒன்று, தலைமுறை இரண்டு

முன்னர்ச் சொன்ன நன்மைக்கு வருகிறேன். நம் பெயரோடு தந்தை பெயரும் ஒட்டி வருவதால் நம்மைப் பற்றிய ஒவ்வொரு தாளும் இரண்டு தலைமுறையைச் சொல்லும். பிறப்புப் பத்திரத்தில் குழந்தையின் தந்தை பெயர் அவருடைய தந்தை பெயரோடு எழுதப்பட்டிருந்தால், பாட்டனார் பெயரும் கிடைத்துவிட்டது. தாய் பெயரும் முழுமையாக இருந்தால் தாயின் தந்தையும் கிடைப்பார். பழைய பத்திரங்களில் தாயின் பெயர் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக நின்றுவிடும். நம் பெண்களின் வழி அங்கே அறுந்துபோகிறது.

ஆகவே உங்கள் பூட்டனாரின் தாள் கிடைக்கவில்லையென்றால் அவர் தம்பி, தங்கையின் தாளைத் தேடுங்கள். தந்தை ஒருவர்தானே. இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், ஊழியர் சேமநிதி ஆவணம், தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தொழிற்சங்க அட்டை எல்லாம் பயன்படும். சேமநிதி 1951இல் தொடங்கியது. அதற்குப் பின் வேலை செய்தவர்க்கே அது உதவும். கோவில் திருவிழா வசூல் நோட்டுகளை மறவாதீர்கள். ஐம்பது காசு கொடுத்தவர் பெயரையும் தந்தை பெயரோடு எழுதியிருப்பார்கள். இங்கேயும் பணம்தான்!

எங்கள் வழியில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. பாட்டியின் தந்தைக்கு இறப்புப் பத்திரம் இல்லை. 1943இல் அவரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பாட்டிக்கு அப்போது நான்கு வயது. “லாரியில ஏத்துனாங்க, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு” என்பதற்கு மேல் பாட்டிக்கு நினைவில்லை. அவர் திரும்பவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்வீரர்களின் கல்லறைகள் 7,000க்கு அருகில் இருக்கின்றன, மிகப் பலவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கிறது. அதே பாதையில் பல்லாயிரக் கணக்கில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்க்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. போர்வீரரின் பெயர் அவர் நாட்டுச் சம்பளப் பட்டியலில் இருந்தது. என் பூட்டனாரின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. அந்தச் செக்ரோல் இன்று இல்லை.

ஆகவே சின்னத் தாத்தாவின் (பாட்டியின் தம்பி) தாளைத் தேடினேன். அவர் காலமாகி ஆண்டுகள் ஆகின்றன. ஈப்போவிலுள்ள அவர் மகன், எனக்கு மாமா முறை, ஒரு பிஸ்கட் டின்னில் தந்தையின் தாள்களை வைத்திருந்தார். அதில் 1941ஆம் ஆண்டுப் பிறப்புப் பத்திரம் நான்காக மடித்துக் கிடந்தது. தந்தையின் பெயர், அதனோடு, அவருடைய தந்தையின் பெயர். கப்பல் தாத்தாவுக்கு முதன்முறையாக ஒரு பெயர் கிடைத்தது. மாமாவுக்கும் அது புதிது. தம் தந்தை இறந்த நாள் முதல் அந்த டின் அவர் வீட்டில் இருந்தும் அந்த வரியை அவர் படித்ததில்லை.

செம்பில் இருந்த இரண்டாவது தலைப்பெழுத்தும் இந்தப் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக இருந்தன. அன்று இரவு பாட்டியிடம் தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ஆமாம்மா, எங்க அம்மா அந்தப் பேர வாயால சொல்ல மாட்டாங்க, மாமனார் பேராச்சே” என்றார். பெயர் மறைந்துபோனதற்கு இப்படியும் ஒரு காரணம்! மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. மகன் சயாமுக்குப் போய்விட்டார். பேரப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை.

பங்கோரில் படிக்காமல் விட்டது

அதே பத்திரத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. பிறந்த இடம்: ஒரு தோட்டத்தின் பெயர், ‘டிரான்ஸ்கிரியான், புரோவின்ஸ் வெல்லெஸ்லி’.

இதன் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை. பாட்டி தாம் பிறந்த இடத்தை எப்போதும் “ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்றே சொல்வார். நிபோங் திபாலை ஒட்டி ஓடும் கிரியான் ஆறுதான் அந்த ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் பாரிட் புந்தார், பாரிட் புந்தார் என்றால் பேராக். எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் ஐயமில்லை. இளம் வயதில் அடையாள அட்டைக்குப் போன இடத்தில் பாட்டி இதே பதிலைச் சொல்லியிருக்கிறார். பாரத்தை நிரப்பியவர் ‘பேராக்’ என்று எழுதிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத பெண், கட்டைவிரலை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பேராக்கா, பினாங்கா என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1948 பிப்ரவரி 1இல் நடப்புக்கு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தின்படி, பினாங்கு அல்லது மலாக்கா குடியேற்றப் பகுதியில் பிறந்து இங்கே நிரந்தரமாக வாழும் பிரிட்டிஷ் பிரஜை, விண்ணப்பம் ஏதுமின்றிச் சட்டத்தின் வழியிலேயே கூட்டரசுக் குடிமகன். பேராக் ஒரு மலாய் மாநிலம். அங்கே பிறந்த இந்தியர்க்கு வழி அவ்வளவு நேரானதன்று, தந்தையின் பிறப்பும் வாழ்வும் கணக்குக்கு வரும். எங்கள் பூட்டனாருக்கோ பிறப்பைக் காட்டவும் தாளில்லை, இறப்பைக் காட்டவும் தாளில்லை. நான் சட்டம் படிப்பவள் அல்லள். இதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டே எழுதுகிறேன்.

அப்படியானால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ என்று 1941இல் எழுதியது எப்படி? விடை என் பழைய வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. 1874 ஜனவரி 20 பங்கோர் ஒப்பந்தம். தேசிய இடைநிலைப் பள்ளியில் படித்த நம் எல்லாருக்கும் இது மனப்பாடம். ராஜா அப்துல்லா சுல்தானாவது, சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்றவற்றில் ரெசிடென்டின் ஆலோசனையைக் கேட்பது. தேர்வுக்கு இவ்விரண்டும் போதும் என்று விட்டுவிட்டோம். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதி இருக்கிறது. கிரியான் ஆற்றுக்குத் தெற்கே, அந்த ஆற்றில் வந்து வடியும் நிலப்பகுதி பிரிட்டிஷ் மண் என்று அறிவிக்கப்பட்டு, செபராங் பிறையின் தெற்கு எல்லை திருத்தப்பட்டது. 1800இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற நிலத்துக்கு ஆறே எல்லை. 1874க்குப் பின் எல்லை ஆற்றைத் தாண்டிவிட்டது. தாண்டிய அந்தத் துண்டுதான் டிரான்ஸ்கிரியான். பெயரின் பொருளே ‘கிரியானுக்கு அப்பால்’. பாட்டி சொன்ன “ஆத்துக்கு அந்தப் பக்கம்” என்பதைத்தான் ஆங்கிலேயன் லத்தீனில் சொல்லியிருக்கிறான்!

பாட்டி சொன்னது சரி. எழுதியவர் கேட்டது தவறு.

அதன் பிறகு தேடல் ஓர் ஊருக்குள் அடங்கிவிட்டது. நிபோங் திபால் வட்டாரப் பிறப்புப் பதிவு, 1938 முதல் 1940 வரை. முதன்முறை போனபோது அப்படி ஒரு பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பாட்டியின் பெயர் ‘இலட்சுமி’ என்று முடியும். இன்றைய அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்காது. தமிழ்க் காதால் கேட்டு ஆங்கிலக் கையால் எழுதிய காலம் அது. லெட்சுமி, லெச்சிமி, லட்சமி, லச்மி என்று எனக்குத் தோன்றிய வடிவங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கூடவே தந்தை பெயரையும் தாய் பெயரையும் அதே போல் பல வடிவத்தில் எழுதி எடுத்துப் போனேன். இரண்டாம் முறை, இன்னொரு கவுண்டரில் இருந்த அலுவலர் ஒரு மலாய் அம்மையார். தாளைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது வடிவில் இருந்தது. குழந்தையின் பெயரில் ‘இலட்சுமி’ முழுக்கக் காணாமல் போய் முன்பாதி மட்டும் இருந்தது. தந்தையின் பெயரும் தாயின் பெயரும் பொருந்தின. தோட்டமும் தம்பி பிறந்த அதே தோட்டம். பிறந்த ஆண்டு 1939 அன்று, 1938. பாட்டிக்கு ஒரு வயது கூடிவிட்டது.

பதிவின் சான்றுப் படி, சின்னத் தாத்தாவின் பத்திரம், 1874 விதியின் நகல், வழக்கறிஞரின் கடிதம் ஆகியவற்றை இணைத்துச் சென்ற ஆண்டு இறுதியில் விண்ணப்பம் போட்டோம். இன்னும் பதில் வரவில்லை. கடிதக்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் பாட்டி வாசலுக்குப் போகிறார்.

கப்பல் தாத்தாவைப் பொறுத்தவரை இப்போது என்னிடம் இருப்பவை ஒரு பெயர், ஓர் எழுத்து, ஒரு தெய்வம், 1910க்கு முன் என்ற ஒரு வேலி. அடுத்த விடுமுறையில் டிரான்ஸ்கிரியான் பக்கத்துக் கோவில் ஒன்றின் பழைய வசூல் நோட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால், பாரிட் புந்தார் வட்டாரத்து வாசகர்களிடம், குறிப்பாக முன்னாள் மாணவர்களிடம், ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெயர் வெட்டிய பழைய பித்தளைப் பாத்திரம் இருந்தால் எடைக்குப் போடும் முன் கழுத்தடியைத் துடைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘செ’ என்று தொடங்கினால் பேரவை அலுவலகத்தில் எனக்கு ஒரு சொல் விட்டுப் போங்கள்.